தமிழ் பேசினால் கட்டை

அஞ்சாவதோடு நின்றுபோனவள் டீச்சரைக் குறை சொல்லலாமா என்பார்கள். சொல்லுவேன். என் மகளுக்கு இங்கிலீஷ் எடுத்த அந்த டீச்சரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசி. ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றைக் கட்டி மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம். மூன்றாவது படித்தாள். அங்கே ஒரு வழக்கம். தமிழ் பேசிவிடுகிற பிள்ளையின் கழுத்தில் கயிறு கோத்த மரக்கட்டையை மாட்டுவார்கள். தமிழ் பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து அதன் கையில் கொடுத்தால்தான் கட்டை கழுத்து மாறும். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இங்கிலீஷ் வளர்க்கிறார்களாம். வளர்ந்தது கோள் மூட்டுகிற புத்திதான்.

என் மகளுக்கு இங்கிலீஷும் வரவில்லை, கோளும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள். வீட்டிலும் அப்படியே. சோறு வேண்டுமென்றால் தட்டைக் காட்டுவாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொண்டையில் கட்டியோ, எதையாவது பார்த்துப் பயந்தாளோ, இப்படியே ஊமையாகிவிடுவாளோ? ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள். மந்திரித்தும் பார்த்தேன். கடைசியில் அவளோடு படிக்கிற பிள்ளை சொல்லித்தான் கட்டை விஷயமே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் போனேன். வராந்தாவில் டீச்சர். பக்கத்தில் என் மகள், கழுத்தில் கட்டையோடு.

"ஏனுங்க டீச்சர், பேசாத புள்ளைக்கு எதுக்குங்க கட்டை?"

"கீழ விழுந்துட்டு அம்மான்னு கத்துனா. ரூல்னா ரூல்தாம்மா."

"ஊட்டுலகூடப் பேசறதில்லீங்க. நொம்பப் பயமா இருக்குதுங்க."

"வீட்ல நீங்க இங்கிலீஷ் பேசுங்க. தானா வந்துரும்."

"எனக்குத் தெரியாதுங்களே."

"அப்ப நீங்களும் வாய மூடிக்கிட்டு இருங்க," என்று சிரித்தாள்.

மகள் கட்டையைக் கழற்றி டீச்சரிடம் நீட்டினாள். திமிர் இல்லை. தமிழ் பேசினவரிடம் கொடுக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பளாரென்று மகள் கன்னத்தில் ஒன்று வைத்தாள் அந்தப் பொம்பளை.

"பேசற புள்ளைய ஊமையாக்கிப்புட்டு என்னத்தடி சொல்லித் தர்ற நீ?" என்றேன்.

அதைத்தான் இன்றும் கேட்கிறேன். மொழி சொல்லித்தர வந்தவளுக்கு முதல் வேலை பிள்ளையைப் பேசவைப்பது. தப்பும் தவறுமாக உளறட்டும். உட்கார்ந்து கேள், பிறகு திருத்து. கேட்கப் பொறுமை இல்லாதவள் வேறு வேலைக்குப் போகட்டும்.

பையை எடுத்துக்கொண்டு மகளை வெளியே இழுத்து வந்தேன். கேட்டைத் தாண்டியதும் அவள் வாய் திறந்தது.

"ஏம்மா, டீச்சரப் போயி 'டி' போட்டுப் பேசிட்டியே!"

"ஆமா சாமி, வாயில வந்துருச்சு."

"இன்னொருக்கா சொல்லும்மா."

அதற்கப்புறம் வாய் ஓயவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். நடு வருஷத்தில் அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா, வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்ததில், அவள் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை.