நான் கொடுத்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் வேலை. ஒருநாள் வீட்டுக்கு வழி தெரியாமல் எங்கள் தெருமுனையிலேயே நின்று எனக்குப் போன் செய்தார். ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் கட்டி, சுற்றிலும் வீக்கம். பக்கத்து கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். நாலே நாளில் மனுஷன் பழையபடி என் சாம்பாரில் குறை கண்டுபிடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியிலோ, கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும்வரை மாத்திரை கூடாது என்றார்கள். நிறுத்தியதும் கால் தடுமாறியது. நான் கண்ணால் பார்த்ததைவிட டாக்டர் சொல்வது பெரிதா? பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, சத்து மாத்திரை என்று அவரிடம் சொல்லிக் கொடுத்தேன். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மண்டையில் சின்னத் துளை போட்டு எடுத்த துணுக்கில் எதுவுமே பிடிபடவில்லை. கட்டியும் பாதியாகச் சுருங்கியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மா என் முகத்தையே பார்த்து, "ஸ்டீராய்டு கொடுத்தீங்களா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூளையில லிம்ஃபோமான்னு அபூர்வமா ஒரு புற்றுநோய் வரும். இந்த மாத்திரைக்கு அது கொஞ்ச நாள் கரைஞ்சு ஒளிஞ்சுக்கும். அதுதான்னு உறுதியாகாம வைத்தியம் ஆரம்பிக்க முடியாதும்மா."

மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிட்டு, கட்டி மறுபடி தலைகாட்டக் காத்திருக்க வேண்டுமாம். வெளியே வந்து அழுதேன். வீட்டுக்காரர் என்னை ஏசுவார் என்று பார்த்தால், "இன்னாத்துக்கு அழுவுற? ஷெட்டுக்குள்ள கோளாறு காட்டாத வண்டிய இன்னா பண்ணுவோம்? ஓடவுட்டு, கூடவே ஏறி உக்காந்துகினு பாப்போம். நீ கூட இரு, போதும்" என்றார்.

இருந்தேன். வலது கை சோர்ந்தது. சோறு பிசைய மறந்தார். ஒரு காலையில் என்னைப் பார்த்து, "யாரு நீங்க?" என்றார். மீதி மாத்திரை அலமாரியில்தான் இருந்தது. நான் தொடவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

இரண்டாம் தடவை எடுத்ததில் லிம்ஃபோமாதான் என்று உறுதியானது. புற்றுநோய் என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அது உடம்பை விட்டு வெளியேறும்வரை சிறுநீரை அளந்துகொண்டே இருந்தார்கள்.

ஸ்கேன் சுத்தமானது பிறகுதான். ஆனால் இரண்டாவது டிரிப் முடிந்த காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் வழக்கம்போல என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று அவரிடம் கேட்டார்.

"இன்னாம்மா கேள்வி இது? இத்தினி நாளா இங்கயே குந்திகினு கீறா. மொதல்ல அவளுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."