நின்றால் நடுங்கும் குதிரை

குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைவதற்காக லாயக்காரர் காத்திருந்த அரை நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பழுப்புப் பெண்குதிரை நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் ஒடுக்கி, சின்ன முக்காலியின் மேல் ஏறி நிற்பதுபோல் நின்றது. தொடைச் சதை துடித்தது. தலை தொங்கியது. அவர் கயிற்றைப் பிடித்து நடத்தியதும் எல்லாம் மறைந்துபோயிற்று.

மூன்று வாரமாக நான் அதை நிற்கவைத்துப் பார்த்ததே இல்லை. மலேசியாவில், குளுவாங்கிற்கு வெளியே, செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த லாயம். என் கார் நுழையும்போதே குதிரையை நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டர் வரும்போது குதிரை சோர்ந்து நின்றால் வளர்ப்பவருக்கு அவமானம். நானும் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்த வேகத்தில் வட்டமாக நடத்தி, பின்னால் நடத்தி, நடக்கும்போதே வாலை இழுத்துப் பார்த்து, தண்டுவடத்தில்தான் கோளாறு என்று அதையே துரத்திக்கொண்டிருந்தேன். தள்ளாட்டம் இல்லை. ரத்தத்தில் ஒட்டுண்ணியும் இல்லை. நன்றாகத் தின்றது, ஆனாலும் மெலிந்துகொண்டே போனது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லிவிட்டார் குதிரையின் சொந்தக்காரர்.

"அண்ணே, நடத்தாதீங்க. அவ சும்மா நிக்கட்டும்."

"நின்னா சோம்பேறின்னு எழுதிடுவீங்க, தங்கச்சி."

"எழுத மாட்டேன். விடுங்க."

விட்டார். மறுபடியும் அதே துடிப்பு. நிற்பதற்கான தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருந்தால் குதிரை இப்படித்தான் நிற்கும். நெடுநாள் வைட்டமின் ஈ கிடைக்காத குதிரைகளுக்கு வரும் நோய் அது. அந்தச் சத்து பச்சைப் புல்லில் இருக்கிறது.

"பச்சப் புல் எவ்ளோ போடறீங்க?"

"பச்சப் புல்லா? அலமாக்! ரெண்டு வருசமா ஒரு இலை காட்டல லா. செம்பன ஓரமெல்லாம் மருந்தடிக்கறாங்க. வெளிநாட்டுக் காஞ்ச புல்லு மட்டுந்தான். என் புள்ளைங்களக்கூட இப்படிப் பாத்ததில்ல."

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நான் குனிந்து, ஏற்கெனவே எழுதியதையே திரும்ப எழுதினேன்.

செத்த அணுக்கள் திரும்பி வராது. சத்து கொடுத்தால் நோய் அங்கேயே நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இதுதான் காரணம் என்று உறுதியானால் ஊசி வேண்டாம், சவாரிக்கு விடாமல் வைத்துக்கொள்கிறேன் என்று சொந்தக்காரர் போனில் ஒத்துக்கொண்டார். உறுதியாகிவிட்டால் குதிரை பிழைக்கக்கூடும். ஆனால் எதனால் வந்தது என்று லாயக்காரர் கேட்பார்.

வாலடியில் கொஞ்சம் சதை எடுக்க வேண்டும் என்றதும் சிரித்தார். "நேத்து ரத்தம், நாளைக்கு வாலு. அடுத்தது காதா?"

நாளைக் காலை அந்த இடத்தை மரக்கவைத்து, விரல் நுனியளவு சதையை வெட்டி, ஜொகூர் பாருவிலிருக்கும் ஆய்வகத்துக்கு நானே கொண்டுபோவேன். குதிரையின் தலையை அவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறு யாருக்கும் அது அடங்காது. தையல் போட்டு முடித்த பிறகு புல்லைப் பற்றி அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன். முன்னாலேயே சொன்னால் அவர் கை நடுங்கும்.