எதிர்பாராத செலவு

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு முதன்முதலில் பட்ஜெட் போட்டவள் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். போகவிருந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. போகவிருந்த இடம் நேபாளம். அங்கே ஒரு பனிமலையின் அடிவாரம் வரை ஒரு வாரம் நடந்து ஏறி, மூன்று நாளில் இறங்க வேண்டும். கைக்காசைக் கொடுத்து யாராவது நடந்து போவார்களா என்று அப்பா வழிச் சொந்தங்கள் சிரித்தார்கள். பாஸ்போர்ட் தேவையில்லை, ஓட்டர் கார்டு போதும் என்று மாமா சொன்னதும், அப்படியென்றால் அது என்ன வெளிநாடு என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பயணத்தின் மதிப்பு கொஞ்சம் குறைந்துதான் போனது.

மாமா மேலூரில் ஒரு கிரானைட் கம்பெனியில் கல் அளக்கும் வேலையில் இருந்தார். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டதால், அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்கள் நாலு பேரோடு மேலூர் ரோட்டிலிருக்கும் ஆனைமலையில் ஏறி இறங்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பரவையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மலையில் போட்டுப் பழக வேண்டும் என்று வாங்கிய புது ஷூ அவர் காலிலேயே இருக்கும். சாப்பிட்டதும் நோட்டை எடுப்போம். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் எழுதுகிற வேலை என்னுடையது.

நம்முடைய நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. ஆகவே அவர் போனில் பார்த்துச் சொல்கிற நேபாள விலை ஒவ்வொன்றையும் நான் 1.6 ஆல் வகுத்து எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் தசமப் பாடம் ஆரம்பித்தபோது கொட்டாவி விட்டுத் திட்டு வாங்கினேன். ரயில், பஸ், அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, ராத்திரி உள்ளே புகுந்து படுக்க வாடகைக் கம்பளிப் பை என்று பட்டியல் நீண்டது. மேலே போகப் போக எல்லாமே விலை ஏறுமாம். போனுக்குச் சார்ஜ் போடக் காசு, குடிக்கிற வெந்நீருக்குக் காசு. வெந்நீருக்கு ஆயிரத்து இருநூறு என்று நான் வாய்விட்டுச் சொல்லி எழுதியதைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். சித்திரை மாசம் இங்கே குழாயைத் திறந்தாலே வருவதைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். நடக்கும்போது மெல்லுவதற்குச் சாக்லேட், பாதாம், பேரீச்சம்பழம் என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் நான் இரண்டு கலரில் எழுதினேன்.

கடைசி வரி, எதிர்பாராத செலவு, ஐயாயிரம். எதிர்பாராததை எப்படி முன்கூட்டியே எழுத முடியும் என்று கேட்டேன். கால் சுளுக்கிக்கொண்டால், மழையில் மாட்டி ஒரு நாள் கூடத் தங்க வேண்டி வந்தால், அதற்கு என்றார். மொத்தம் நாற்பத்தெட்டாயிரம் வந்தது. இரண்டு வருடமாக அவர் அதைச் சேர்த்திருந்தார். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

புறப்பட நாலு வாரம் இருந்தபோது நான் வயசுக்கு வந்தேன்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னை உட்கார வைத்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. அப்பாகிட்டயும்தான். மாமா மலைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கிருவோம்."

அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. வயசுக்கு வந்தால் சடங்கு வைப்பார்கள், சடங்கு என்றால் தாய்மாமன் தட்டுத் தட்டாகச் செய்முறை கொண்டுவருவார், அதுவரைதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அடுத்த தெருவிலிருந்த அத்தை மகளுக்குச் சடங்கு நடந்தபோது, அவளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் அப்பா நூற்றியொரு தட்டுகளோடு கொட்டடித்துப் போனார். அன்றைக்கு அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை. அதையும் நான் பார்த்தேன், ஆனால் தட்டுகளைத்தான் எண்ணினேன். மாமா ஊரில் இல்லாத சமயம் சடங்கு வந்துவிடக் கூடாது என்று அம்மா பயப்படுகிறார் போல என்று முடிவு கட்டினேன். அதற்குத்தான் நாலு வாரம் இருக்கிறதே, முடித்துவிட்டுப் போகட்டுமே என்றும் தோன்றியது.

ஒன்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டேன். பத்தாம் நாள் அத்தை வீட்டுக்குப் போனபோது அவருடைய மகள் தன் சடங்கு ஆல்பத்தை எத்தனையாவது முறையாகவோ விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தது எனக்குத்தான், இப்பவே ஆயிடுச்சு என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடம் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறைத்தது ஏன் என்று அத்தை எங்கள் வாசலில் நின்று கேட்டபோது அம்மா நாள் பார்க்கலாம் என்று இருந்ததாக எதையோ சொன்னார். என்னை அடிப்பார் என்று பின்கட்டில் போய் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடித்திருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும்.

மாமா அன்றைக்கே மேலூரிலிருந்து பஸ் பிடித்து, பச்சை ஓலைக் கட்டோடு வந்தார். எனக்குக் குடிசை கட்ட வேண்டியது அவர் முறை. ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் அம்மா போய், ஒரு சேலையும் மாலையும் போதும், டிக்கெட்டை மாற்றிவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒத்தத் தட்ட ஏந்திக்கிட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கச் சொல்றியாக்கா? நான் வந்துட்டுப் போயிருவேன். நீ இந்தத் தெருவுலதான இருக்கணும்."

எழுபத்தியொரு தட்டு வந்தது. நானே எண்ணினேன். பட்டுப்பாவாடை, ஒரு பவுனில் சங்கிலி, பழம், வளையல். மாமா பட்டு வேட்டிக்குக் கீழே மலை ஏறுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் கேலி செய்தார்கள், வாங்கியதை எங்கேயாவது போட வேண்டுமே என்றார். ஒரு தட்டில் சாக்லேட், இன்னொன்றில் பாதாம், அடுத்ததில் பேரீச்சம்பழம். அந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் இரண்டு கலரில் எழுதியதையே வாங்கி வந்திருக்கிறார் என்று பெருமையாக இருந்தது. எண்பது தட்டாவது வந்திருக்கலாமே என்று அத்தை முணுமுணுத்தபோது அம்மா பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நண்பர்கள் நாலு பேரும் ரயில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா மலை ஏறாமல் நேராகச் சாப்பிட வந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் ஏன் போகவில்லை என்று கேட்டேன். கையில் காசில்லை என்றார். எதிர்பாராத செலவுக்கென்று ஐயாயிரம் வைத்திருந்தோமே, அது போதவில்லையா என்று கேட்டேன்.

மாமா வெகுநேரம் சிரித்தார். "பத்தல மருமகளே" என்று நோட்டை வாங்கி, அந்த வரியில் இருந்த ஐயாயிரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கோழிக் கிறுக்கலில் என் பெயரை எழுதினார்.

அடுத்த முறை என்னையும் கூட்டிப்போகப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை வாங்கி, பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பல வருடம் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. என் பெயருக்கு நேரே, மலை ஏற எனக்கு வாங்க வேண்டிய ஷூவின் அளவை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.