அம்மாவின் கழுத்துப் பொத்தான்

அண்ணா அமெரிக்காவிலிருந்து ஆசையாக எதையாவது கொண்டுவருவதும், ஸ்ரீரங்கத்து வீட்டில் அது வேலை செய்யாமல் போவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஒரு தடவை கொண்டுவந்த ரொட்டி சுடும் பெட்டி, கரண்டில் செருகிய மறுநிமிஷமே புகைந்து கூடமெல்லாம் நாற்றம் அடித்தது. அதனால் எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவன், அம்மாவுக்கு என்று சொல்லிப் பெட்டியிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து வைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தீப்பெட்டி அளவில் வெள்ளை பிளாஸ்டிக். நடுவில் சிவப்புப் பொத்தான். கழுத்தில் மாட்டிக்கொள்ள நைலான் கயிறு. கூடவே டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. அங்கே தனியாக இருக்கிற வயதானவர்கள் இதை மாட்டிக்கொண்டே நடமாடுவார்களாம். உடம்புக்கு ஏதாவது வந்தால் அழுத்தினால் போதும், அந்தப் பெட்டி தானாகவே டெலிபோன் போட்டு ஆளைக் கூப்பிட்டுவிடுமாம்.

"டெலிபோனுக்கு எங்கே போறது?" என்று கேட்டேன். பதிவு பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தோம்.

நான் சிரித்திருக்கக்கூடாதுதான். அவன் பயந்துபோய் வந்திருந்தான். அந்தத் தை மாதம் கோயிலுக்குப் போகிற வழியில் அம்மா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார் டாக்டர். மார்பை அடைத்தால் இருந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும், ஓரடி எடுத்து வைக்கக்கூடாது, தனியாக விடவே கூடாது என்றார். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் கல்யாணமாகாதவள், திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவேன்.

அண்ணாவிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, நான் வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் அம்மா அவனோடு அமெரிக்கா போக வேண்டும்.

"பெருமாளை விட்டுட்டு நான் எங்கேடா வரேன்? காவேரிப் பாலத்தைத் தாண்டினாலே நேக்கு ஊர் திரும்பிடணும் போல இருக்கு" என்றாள் அம்மா. என் வேலையைப் பற்றி அவன் வாயெடுத்ததுமே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ எதுக்குடா வேலையை விடணும்? நான் என்ன பச்சைக் குழந்தையா? தொட்டில்ல போட்டு ஆட்டணுமா?"

ஆக, அம்மா ஸ்ரீரங்கத்திலும் நான் அலுவலகத்திலும் இருக்க வேண்டுமானால் அந்தப் பொத்தானை விட்டால் வேறு கதி இல்லை என்றாகிவிட்டது. பாலக்கரைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் அண்ணா அதைக் கொண்டுபோனான். அவர் டெலிபோன் சமாசாரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே இடத்தில் ஒரு மணியை இணைத்துக் கொடுத்தார். அம்மா அழுத்தினால் பெட்டியில் மணி அடிக்கும். யாராவது போய்ப் பெட்டியில் உள்ள சுவிட்சை அணைக்கிறவரை அடித்துக்கொண்டே இருக்கும். பெட்டியைப் பக்கத்து வீட்டு மாமியின் அடுக்களை அலமாரியில் வைத்தோம். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாத்திரைச் சீசா ஒன்றையும் மாமியிடமே கொடுத்து வைத்தோம். அண்ணா நிம்மதியாக விமானம் ஏறினான்.

அவன் போன பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. முதலில் அம்மா கழுத்தில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். அப்பா போனதிலிருந்து துளசிமணி தவிர அந்தக் கழுத்தில் ஒன்றும் ஏறியதில்லை. "தெருவிலே பாக்கறவா, இந்த வயசிலே இவளுக்கு டாலர் வேண்டியிருக்கான்னு சிரிப்பா" என்றாள். அழுதேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். மாட்டிக்கொண்டாள்.

அடுத்து மடி. காலையில் குளித்து, யாரும் தொடாமல் தனியாக உலர்த்தி வைத்த புடவையை உடுத்திக்கொண்டுதான் அம்மா தளிகை பண்ணுவாள். பெருமாளுக்குப் படைத்து, கண்டருளப் பண்ணி முடிகிறவரை மடியில்லாத எந்தச் சாமானையும் தொடமாட்டாள், என்னையும் சேர்த்து. பிளாஸ்டிக்கும் நைலானும் எந்தச் சாஸ்திரத்தில் மடி? முதல் நாளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். பொத்தானையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். மஞ்சள் ஜலத்தில் முக்கி எடுத்து, பிழிய முடியாததால் கொடியில் தொங்கவிட்டிருந்தாள்.

பாய் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏம்மா, உள்ளே மஞ்சளா இருக்கே?"

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் இப்படித்தாம்மா. தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ செய்யுறப்ப வாட்ச்சைக் கழட்டி எங்கேயாச்சும் வச்சிடுவேன், அப்புறம் வீடெல்லாம் தேடுவேன். காய வச்சுத் தரேன். இனிமே தண்ணி படாம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

கடைசியில் அம்மாவே தீர்ப்பு சொன்னாள். பட்டுக்குத் தோஷம் கிடையாது, நனைக்காமலே மடி. தன் கூறைப்புடவையின் கிழிந்த தலைப்பிலிருந்து ஒரு சின்னப் பை தைத்தாள். பொத்தானை அதற்குள் போட்டு, பட்டு நூலில் கோத்து, துளசிமணியோடு தொங்கவிட்டுக்கொண்டாள். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். குளித்ததும் பையைத்தான் தொடுவாள், பொத்தானைத் தொடமாட்டாள். "உள்ளே இருக்கறது என்னன்னு பெருமாள் கேக்கமாட்டார்" என்றாள். எனக்குத் தெரிந்து அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சாமானுக்குத் தளிகை பண்ணும் அடுக்களைக்குள் நுழைய அனுமதி கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.

கோலம் போடக் குனிந்தால் முழங்கால் பட்டு அழுந்தும், பக்கத்து வீட்டில் மணி அடிக்கும், மாமி மாவுக் கையோடு ஓடிவருவாள். இப்படிப் பல தடவை. மாமி ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அப்புறம் ஆனி மாதத்தில் ஒரு நாள் நிஜமாகவே அடித்தது. மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவுக்கு மார்பை அடைத்திருக்கிறது. அழுத்திவிட்டு டாக்டர் சொன்னபடியே படுத்துக்கொண்டாள். மாமி வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள். நான் சாயங்காலம் வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "மாமியைப் பாதித் தூக்கத்திலே எழுப்பிட்டேண்டி" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் அண்ணாவின் மேல் எனக்கு முழு மரியாதை வந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் கவலை இல்லாமல் டைப் அடித்தேன்.

ஆவணி பிறந்தது. எங்கள் ஐயங்கார் வீடுகளில் கிருஷ்ணன் பிறந்த ஸ்ரீஜயந்தி, ஊரெல்லாம் கோகுலாஷ்டமி கொண்டாடுகிற நாளில் வராது. நட்சத்திரம் பார்த்து ஒரு நாள் தள்ளித்தான் வரும், சில வருஷம் இன்னும் தள்ளிப்போகும். சர்க்கார் லீவு அதற்குள் வந்து போய்விடும். அந்த வருஷமும் அப்படித்தான். நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலப் பூஜைக்குச் சீடையும் முறுக்கும் தட்டையும் பண்ண அம்மா காலையிலேயே மடி உடுத்திக்கொண்டுவிட்டாள். "கொஞ்சமாப் பண்ணு, போறும்" என்றேன். "கிருஷ்ணன் குழந்தைடி, குழந்தைக்குக் கணக்குப் பாத்தா பண்றது?" என்றாள். வாசல் கதவை ஒட்டிய ரேழியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டேன். எட்ட நின்றபடியே போயிட்டு வா என்றாள்.

நான் தெருவில் இறங்கியதும் அம்மா வாசல் கதவை உள்ளே தாழ் போட்டிருக்கிறாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பட்சணம் பண்ணுகிற நாளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தாழ் போடுவார்கள். இல்லாவிட்டால் தெருக் குழந்தைகள் வாசனைக்கு ஓடிவந்து மேலே விழுந்துவிடும், மடி போய்விடும், மறுபடி குளித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமியும் தன் வீட்டில் தாழ் போட்டுக்கொண்டுதான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மணியைப் பற்றி யோசித்தோம், கயிற்றைப் பற்றி யோசித்தோம், பட்டா பருத்தியா என்று யோசித்தோம். இந்தத் தாழ்ப்பாள் எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அண்ணா இன்ஜினீயர், அவனுக்கும் வரவில்லை.

மற்றது மாமி சொல்லித் தெரிந்ததுதான். மத்தியானத்துக்கு முன்னால் மணி அடித்திருக்கிறது. மாமி மாத்திரையை எடுத்துக்கொண்டு மடியையும் பார்க்காமல் தெருவில் ஓடிவந்தாள். கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. படபடவென்று தட்டினாள், அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். எதிர்வீட்டு ஆண்கள் வந்து தோளால் முட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலத்துத் தேக்குக் கதவு, அசையவே இல்லை. ஓர் ஆள் மாமி வீட்டு மாடி வழியாக ஓட்டின்மேல் ஏறி, எங்கள் முற்றத்தில் குதித்தார். அவர் வந்து தாழைத் திறந்தபோது அம்மா ரேழியில் குப்புறக் கிடந்தாள். உயிர் இல்லை. அடுத்த வீட்டில் அணைக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் தெருமுனை மருந்துக் கடையிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஆட்டோவில் பாலத்தைத் தாண்டி வந்தேன். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். புடவையில் அரிசி மாவு, விரலில் வெண்ணெய்ப் பிசுக்கு. யாரோ ஸ்டவ்வை அணைத்திருந்தார்கள். உருட்டின சீடை வெள்ளைத் துணியில் பரப்பிக் கிடந்தது. இனிமேல் தீட்டு, பெருமாளுக்கு ஆகாது என்று சாயங்காலம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வெறும் ஆத்திரம்தான். அந்தக் கதவைக் கோடாலியால் பிளந்து போட வேண்டும் போல் இருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுப்படியிலேயே படுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். அடுக்களையிலிருந்து முற்றத்தைச் சுற்றி, கூடம் தாண்டி, ரேழி வரைக்கும் அம்மா அந்த மார்வலியோடு நடந்து வந்திருக்கிறாள்.

சித்தப்பா பிள்ளைதான் கொள்ளி வைத்தான். அண்ணா வந்து சேர்ந்தபோது பத்து நாள் காரியம் பாதி முடிந்துவிட்டது. கொள்ளிடக் கரையிலிருந்து திரும்பி வரும்போது என்னிடம் கேட்டான்.

"மணி அடிச்சுதா?"

"அடிச்சுது."

"மாமி வந்தாளா?"

"உடனே வந்தா."

கதவைப் பற்றி அவனிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். தெருவில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் கொண்டுவந்ததிலேயே குறையில்லாமல் வேலை செய்த சாமான் அது ஒன்றுதான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. எனக்கு யார் மேலும் பழி சொல்ல வரவில்லை, என் மேலும்கூட.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஆனி மாதத்தில் சொன்னபடி அசையாமல் படுத்தவள், அன்றைக்கு ஏன் எழுந்தாள்? அண்ணா ஊர் திரும்பிய பிறகு மாமியிடம் கேட்டேன். மாமி என்னை நேராகப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள். கதவைத் தட்டினபோது அம்மா பதில் சொன்னாளாம். முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் கொஞ்சம் கிட்டத்தில். எழுந்துக்காதேங்கோ, அப்படியே படுங்கோ என்று மாமி கதவில் வாயை வைத்துக் கத்தியிருக்கிறாள். அம்மாவா கேட்பாள்? அவள் ஜன்மத்தில் யாரையும் வாசலில் காக்க வைத்ததில்லை. பால்காரன் மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவள்.

"என்ன சொன்னா மாமி?" என்று கேட்டேன்.

மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"வெயில்ல நிக்கறேளே மாமி, இதோ வந்துண்டே இருக்கேன்னாடி."