எடைக்கு எடை பருத்தி

என் அப்பாவோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. அவர் சண்டைக்கே வரமாட்டார் என்பதுதான் காரணம். நாம் கத்தித் தீர்க்கும்வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு தாம் நினைத்ததையே செய்வார். அம்மா கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்தால், அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பார். திருப்பி ஒரு வார்த்தை கத்தினாலாவது நமக்கு ஆறுதலாக இருக்கும். ஊரில் எல்லாரும் அவரைப் புண்ணியவான் என்றார்கள். அந்தப் புண்ணியவானோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

நாஞ்சில் நாடு என்றதும் எல்லாருக்கும் வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், காற்று ஆளைத் தள்ளுகிற மேட்டு நிலம் எங்களுடையது. சுசீந்திரத்துப் பக்கத்து வயல்காரர்கள் வருசத்துக்கு இரண்டு பூ நெல் அறுக்கும்போது நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு பருத்தி போடுவோம். ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில் காய் வெடிக்கும். நான் சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான்தான் வீட்டில் மூத்தவள். என்னைக் கட்டிக் கொடுப்பதைப் பற்றி அங்கங்கே பேச்சு அடிபட ஆரம்பித்திருந்த வயது.

அப்பாவுக்கு நேர்ச்சை நேருவது வெற்றிலை போடுவது மாதிரி. மாடு தீவனம் எடுக்காவிட்டால் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை. தம்பிக்குச் சுரம் என்றால் ஒரு நேர்ச்சை. கிணற்றில் வாளி விழுந்ததற்குக்கூட ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்தார். வாளி கிடைத்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினார். வாளியை அவரே இறங்கித்தான் எடுத்தார், அது வேறு விசயம். மெழுகுவர்த்தி, சேவல், உப்பும் மிளகும், பிள்ளைகளுக்கு மொட்டை என்று வருசம் முழுக்க எங்கள் வீட்டிலிருந்து கோவிலுக்கு ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்த வருசம் விதை முளைத்து நான்கு இலை விட்ட பிறகு மழை நின்றுபோனது. கார்த்திகை பிறந்தும் ஒரு சொட்டு இல்லை. செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. அப்பா சாயங்காலம் திரிகால செப மணி அடிக்கும்போது வீட்டுக்கு வராமல் நிலத்திலேயே முழங்கால் போட்டார். நாங்கள் தூரத்தில் இருந்து பார்த்தோம். என்ன நேருகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. சேவலாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. செடி இடுப்பளவு எழுந்து பூத்துக் காய்த்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை.

திறந்தது விபூதிப் புதன் அன்றைக்கு. தபசுகாலம் தொடங்கிவிட்டது, நெற்றியில் சாம்பல் சிலுவை. முதல் எடுப்புப் பருத்தி அறையின் மூலையில் வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கிறது. ஒருசந்தி நோன்புக் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாதாவுக்கு ஒரு நேர்ச்சை உண்டு. வெள்ளாமை வந்துட்டு. இனி அதைச் செலுத்தணும்."

"என்னவாக்கும் நேர்ந்திய?" என்றாள் அம்மா.

"மூத்தவள."

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா தாடையால் என்னைக் காட்டினார். "இவள மடத்துக்குக் கொடுக்கதா நேர்ந்தேன்."

ஒரு மழைக்கு என்னைக் கொடுத்திருக்கிறார்! அய்யனார் கோவிலில் வெட்டுகிற கிடாவுக்குக்கூட மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது தலையை ஆட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே கை வைப்பார்கள். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. கடற்கரைப் பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் நடந்தால் தெருக்கோடியில் தெரியும். எனக்குப் புருசன் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், சண்டை போட ஒரு மாமியார் வேண்டும். இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்று மட்டும் கேட்டேன்.

"உனக்கு நல்லதுதான மக்கா" என்றார்.

அம்மா விட்டாள் ஒரு கத்து. "ஆடு இல்லையா? கோழி இல்லையா? உமக்கு நேர வேற ஒண்ணும் கிடைக்கல்லியா?"

அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். "ஆடு, கோழிய கொடுத்தா நமக்கு என்ன வலிக்கும்? பெரிய காரியம் கேட்டா, நம்மகிட்ட உள்ளதுல பெரிசத்தானே கொடுக்கணும்?" அம்மா கஞ்சிச் சட்டியை எடுத்து முற்றத்தில் வீசினாள். அப்பா எழுந்து போய் எடுத்துக் கழுவினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா எங்கள் இருவரையும் பங்குச் சாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சாமியார் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒருவர் நேர்ச்சையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது, பெண்ணுக்கு இஷ்டம் இல்லாவிட்டால் அது செல்லாது என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். நான் அந்த இடத்திலேயே ஆடியிருப்பேன்.

அப்பா நகரவில்லை. "சாமி, அது சட்டம். நான் மாதாகிட்ட வாயால சொன்னனே. மழையும் தந்துட்டா. இனி செல்லாதுன்னு எப்பிடிச் சொல்ல?"

சாமியார் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பாவிடம் பேசினால் எல்லாருக்கும் என்ன ஆகுமோ அது அவருக்கும் ஆயிற்று, களைத்துப்போனார். கடைசியில், "சரி, பெண்ணுக்குப் பதிலாக அவள் எடைக்கு எடை பருத்தி கொடு. திருநாளில் பிள்ளைகளைத் தராசில் வைத்து உப்பும் பழமும் கொடுக்கிறார்கள் இல்லையா, அதுபோல. நேர்ச்சை தீர்ந்தது" என்றார். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு என்று நாளும் குறித்தார்.

அப்பா யோசித்தார். "எடை குறைஞ்சா சாமி?"

"குறையும்போது பார்த்துக்கொள்ளலாம், போ."

இதற்கு அப்பா என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பது வழியில்தான் தெரிந்தது. எடை சரியாக வந்தால் நான் வீட்டில் இருப்பேன். குறைந்தால் மாதாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று அடையாளம், மடத்துக்குப் போக வேண்டும். சாமியார் அப்படிச் சொல்லவே இல்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சொன்னதும் சொல்லாததும் அப்பாவுக்கு ஒன்றுதான்.

ஆனாலும் அம்மா பயப்படவில்லை. முதல் எடுப்பில் வந்தது கொஞ்சம்தான், அது என் எடைக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவே. ஆனால் நிலம் முழுக்கக் காய் நின்றது. அடுத்த எடுப்பில் என்னை மாதிரி பல பெண்களை நிறுக்கலாம். அந்தக் காய்கள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதற்கு ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தன. பாஸ்குவுக்கு முந்தின பெரிய வாரம்!

வியாழக்கிழமை காலையில் நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரே வெள்ளை. மலைப்பக்கம் ஒரே கறுப்பு. பக்கத்து நிலத்துக்காரர்கள் குழந்தை குட்டியோடு இறங்கிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வியாழனும் வெள்ளியும் சனியும் எங்கள் வீட்டில் அடுப்பைத் தவிர எதுவும் அசையக்கூடாது. அப்பாவின் சட்டம் அது.

"மழை வருது, பாருங்க. அரை நாள் எடுத்தாப் போதும்" என்று அம்மா கெஞ்சினாள். "மகளுக்க காரியம்லா இது!"

"ஆண்டவரு பாடுபட்ட நாள்ல நான் பாடுபட மாட்டேன்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பனையோலைக் கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். நானும் பின்னால் போனேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். தடுக்கவில்லை, ஏசவில்லை. கடகத்தை மட்டும் அம்மா இடுப்பிலிருந்து பைய வாங்கி உத்தரத்தில் மாட்டிவிட்டு, சிலுவைப்பாதைக்கு நேரமாகிவிட்டது என்றார். சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழும்போது இடி இடித்தது. கோவில் ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் உபதேசியார் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. அம்மா சத்தமாக அழுதாள். ஆண்டவருக்காக அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை போய் எடுத்த பருத்தி எல்லாம் கறை. மண் தெறித்து, பழுத்த வாழை இலை நிறத்தில் இருந்தது. வியாபாரி அரைமனதோடு எடுத்துக்கொள்வான், ஆனால் மாதாவுக்கு அதை வைக்கலாமா? "கறைப் பருத்திய நான் வைக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். மிஞ்சியது அறை மூலையில் கிடந்த முதல் எடுப்பு மட்டும்.

அம்மா அந்தக் குவியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் குவியலைப் பார்த்தாள். அன்றையிலிருந்து என் சோறு பாதியாகிவிட்டது.

ஊரெல்லாம் பாஸ்கு கொண்டாடி ஆட்டுக்கறி தின்கிறது. எனக்கு மட்டும் கஞ்சித் தண்ணீர். "உனக்கு இன்னும் தபசுகாலம் முடியல்ல, குடி" என்பாள் அம்மா. பசியில் எனக்குக் கண் இருட்டும். அந்த நேரம் பார்த்து அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்து ரகசியமாகக் கூப்பிடுவார். போனால் வாழை இலையில் பொதிந்து பொரித்த மீன், அவித்த முட்டை, கருப்பட்டி.

"தின்னு மக்கா. எடையில மாதாவ ஏமாத்தப்பிடாது. நேர்ந்த அன்னைக்கு நீ எப்பிடி இருந்தியோ அப்பிடியே இருக்கணும்."

இந்த மனிதரை என்ன செய்வது? என் அம்மா என்னைப் பட்டினி போட்டது என்னை வீட்டில் வைத்துக்கொள்ள. அப்பா ஊட்டி வளர்த்தது என்னை மடத்துக்கு அனுப்பக்கூடும். எல்லாம் தெரிந்தும் நான் தின்றேன். பொரித்த நெய்மீனைக் கண்ணெதிரே வைத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லக்கூடிய வயதா அது? ஒவ்வொரு வாய்க்கும் அவர் மேல் கோபம் ஏறியது. தின்று முடித்ததும் தம் தோர்த்துத் துண்டால் என் வாயைத் துடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்பார்.

அந்த ஞாயிறு வந்தது. கோவில் முற்றத்தில் புன்னை மரக்கிளையில் பெரிய தராசைக் கட்டியிருந்தார்கள். அதன் தட்டுகளில் ஆளே உட்காரலாம். பூசைக்கு வந்த சனம் ஒன்றும் வீட்டுக்குப் போகவில்லை. சின்னப் பிள்ளைகளை நிறுக்கிற தராசில் கல்யாண வயதுப் பெண் ஏறப்போகிறாளே, யாராவது விடுவார்களா? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டில் உட்கார்ந்தேன். அது என்னோடு தரையில் இருந்தது.

அப்பா பருத்தியைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து எதிர்த்தட்டில் அடுக்கினார். பிறகு ஒரு காரியம் செய்தார். அதே எண்ணிக்கையில் வெறுஞ்சாக்குகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். சாக்கின் கனம் பருத்தியில் சேர்ந்துவிடக் கூடாதாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சாமியார்கூட, "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது?

கடைசிச் சாக்கும் ஏறியது. என் தட்டு தரையை விட்டு எழவில்லை.

"இன்னும் வேணும்" என்றார் உபதேசியார்.

இன்னும் இல்லை. அப்பா கீழே சிந்திக் கிடந்த பருத்திச் சுளைகளைப் பொறுக்கி வைத்தார். தம் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட எடுத்து வைத்தார். தட்டு லேசாக ஆடியது, எழவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டு அந்த மீனைத் தின்னாமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். மடத்துக்குக் கட்டிக் கொண்டுபோனாலும் ஓடி வந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்பா சாய்ந்து நின்ற ஒரு சாக்கைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். சாமியாரும் சனங்களும் அவர் முதுகுப் பக்கம் இருந்தார்கள். எனக்கு மட்டும் அவர் முகமும் கையும் தெரிந்தன.

என் தட்டு எழுந்தது. கால் தரையை விட்டு வந்ததை நான் உணர்ந்தேன். சாக்கைச் சரிசெய்யப் போன கை சாக்கின் மேலேயே இருந்தது. புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. அப்பா அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாதா சுரூபம் இருக்கிற திசையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றேன்.

"மிண்டாத மக்கா, பேசாம இரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு திரும்பாமலே, சத்தமாக, "சரியாயிட்டு சாமி" என்றார்.