எருமப்பட்டிக் களத்தில் பாடிய காளை

காலை ஆறரை மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கினேன். பெரியப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பொட்டப்புள்ளயத் தனியா ஊருக்கு அனுப்பறது ஆரு குடுத்த தைரியம்னு உங்கப்பனைக் கேளு" என்றார். அப்பா நாலடி தள்ளித்தான் நின்றார். "பள்ளிக்கூடத்து வேலையாப் போறாள்னு சொல்லு" என்று அவரும் என்னிடமே சொன்னார். என்னை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வீடு ஒன்று, கிணறு ஒன்று. இரண்டு பக்கமும் தலையசைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வேலை இதுதான். நான் படிப்பிக்கும் பெண்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் வேண்டும். குமாரபாளையத்து நெசவாளர் சிலர் பாட்டும் சிரிப்புமாக ஒரு சிறு நாடகம் போடுவதாகக் கேள்விப்பட்ட தலைமையாசிரியை, எருமப்பட்டியில் அது நடக்கும் நாளில் போய்ப் பார்த்து வரச் சொன்னார். "கடைசி வரைக்கும் பார். பாதி பார்த்ததை நான் சிபாரிசாக ஏற்க மாட்டேன்" என்பது அவர் விதித்த நிபந்தனை. பள்ளியில் எத்தனையோ பேர் இருக்க, இதற்கு என்னை அனுப்பியதில் எனக்குப் பெருமைதான். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளின் சொல்லுக்காக ஒரு நாடகம் காத்திருந்தது.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். கட்டணம் பத்தணா. யுத்தத்தால் பெட்ரோல் இல்லை. கரிவாயுவில் ஓட்ட, பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். மேடு வந்த இடங்களில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். "நீங்க குந்துங்க அம்மா. தனியாவுங்களா வந்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஆமாம்."

"வூட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?"

"இருக்கிறார்கள். பஸ் தள்ள அழைத்து வந்திருக்கலாம்."

பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தரை மணிக்கு நாமக்கல் பாறை தெரிந்தது. அங்கே வேறு பஸ் ஏறி, கிழக்கே பதினோரு மைல், நாலணா. எருமப்பட்டியை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. கொல்லிமலை பக்கத்தில் வந்து நின்றிருந்தது. என்னோடு படித்த தங்கம் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டேன்.

நாடகம் மூன்று மணிக்கு. மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வழியில்லை. ஆகவே பகலிலேயே தொடங்கி, பால் கறக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நெல் அடித்து ஓய்ந்த களம்தான் மேடை. நடிப்பவர் மூவர், ஆர்மோனியம் ஒன்று. அதை வாசிக்கும் நாகப்பன்தான் குழுவின் தலைவர். என்னைத் தேடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நூல் கிடைக்காம தறி நின்னு போச்சுங்க, டீச்சரம்மா. அதுலதான் இப்படிக் கிளம்பிட்டோம். சேலத்துல ஒருக்காப் போட்டா நாலு ஊர்ல கூப்புடுவாங்க. இல்லாட்டி நம்ம சின்னான் அடுத்த வாரம் கோயமுத்தூர் மில்லுக்குப் போயிருவானுங்க. அவந்தான் மாடு. மாடு போச்சுன்னா நாடகமே போச்சுங்க."

மாடு என்றது உண்மைதான். சின்னான் ஒரு பவானி ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, பனைமட்டைக் கொம்பு கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பும் நீலமும் பட்டை போட்ட காளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

கதை மிகச் சிறியது. அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு கிணறு, நீர் இறைக்கும் கவலையை இழுக்க ஒரு காளை. முறை வைத்து நீர் இறைக்கிறார்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எல்லாவற்றையும் மாட்டிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அண்ணன் பாடுகிறான்:

சொல்லிவிடு சொல்லிவிடு காளை – அந்தச்
சோளக்காட்டுக் காரனுக்கு: நாளை
உச்சிவரை கிணறு எந்தன் பக்கம் – அவன்
ஊறப்போட்டு வைக்கட்டும் தன் துக்கம்.

காளை அசைபோட்டபடி தம்பியிடம் நடக்கிறது. தம்பி திருப்பிப் பாடுகிறான். காளை பெருமூச்சு விட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு நடைக்கும் அதன் முதுகு இன்னும் கொஞ்சம் வளைகிறது. பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். சிரிப்பு நின்றது. தங்கம் என் காதில், "களத்துக்காரரு மாரப்பன். அந்தக் கோடியில இருக்கறது தம்பி செங்கோடன். ஒரே கெணறு. ஆறு வருசமாப் பேச்சில்லை, புள்ள. ஆட்டக்காரங்களுக்கு இது தெரியாது" என்றாள்.

நாகப்பனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போலும். ஆர்மோனியத்தின் துருத்தியில் அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். களத்துக்காரர் போகச் சொன்னால் நாடகம் பாதியில் நிற்கும். பாதியைப் பார்த்துவிட்டு நான் சிபாரிசு செய்ய முடியாது. அந்த நிபந்தனையை அவரிடமும் சொல்லியிருந்தேன்.

மாரப்பன் மேடைக்கு நடந்து மாட்டின் முன்னால் நின்றார்.

"ஏஞ்சாமி, இத்தனை சேதி சொல்றியே. நம்ம கெணத்துல கவலை இழுக்கற வடக்கயிறு அத்துக் கெடக்குது. அதை மாத்தறது ஆருன்னு அந்தக் கோடியில குந்தியிருக்கறவனைக் கேளு."

கோடியிலிருந்து குரல் வந்தது. "போன தடவை மாத்துனது நாந்தான்னு சொல்லு சாமி."

"அது பழங்கயிறுன்னு சொல்லு."

"பழசுன்னாலும் என் காசுன்னு சொல்லு."

சின்னானுக்கு இது பாடமில்லை. கொம்பு இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு ஆர்மோனியத்தருகே போய், "சுருதி குடுங்க" என்று கேட்டு, நடுக்களத்தில் படுத்துக்கொண்டு, கடைசியில் வரவேண்டிய பாட்டை முன்னதாகவே எடுத்தார்:

புல்லுத் தின்னும் வாயிது, ரெண்டு பேரும் – இப்படிச்
சொல்லைத் திணிச்சா வயித்துக்கெப்படிச் சேரும்?

முதலில் சிரித்தவர் மாரப்பன்தான். போய் உட்கார்ந்தார். மீதி நாடகம் நடந்து முடிந்தது.

கூட்டம் கலையும்போது மாரப்பன் தம் துண்டை எடுத்து மாட்டின் மேல் போர்த்தினார். அவர் போன பிறகு செங்கோடன் வந்து இன்னொன்றைப் போர்த்தினார். "பேசிக்கிட்டாங்களா?" என்று தங்கத்திடம் கேட்டேன். "எங்க? அவரு போற வரைக்கும் இவரு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாரு" என்றாள்.

குறையும் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் பாட்டை அமுக்குகிறது. தம்பி வேஷக்காரர் அண்ணியைப் பற்றிப் பாடும் இரண்டடி நம் பிள்ளைகளுக்கு ஆகாது. சொன்னேன், எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். மற்றபடி மனசாரச் சிபாரிசு செய்கிறேன். சின்னான் மில்லுக்குப் போகவில்லை. பங்குனி முதல் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நாடகம். விளக்கு வைப்பதற்குள் முடியும். பெண்கள் தைரியமாக வரலாம்.

அன்றிரவு தங்கம் வீட்டில் தங்கி, மறுநாள் மாலை வீடு திரும்பினேன். "என்னமோ ஆட்டம் பாக்கப் போனாளே, எப்படின்னு உங்கப்பன் கேட்டானா?" என்றார் பெரியப்பா. "வந்து சேந்துட்டாள்னு சொல்லு" என்றார் அப்பா. யாரிடமும் யார் சொன்னதையும் நான் சொல்லவில்லை. இரண்டு பேரையும் அந்த வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு வரச் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனேன்.

முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போடும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறேன். நடுவில் எனக்கு இடம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.