ஏரிக்குள் போன நீலக்கோடு

என் கணவருக்கு வழி கேட்பது பிடிக்காது. டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, "அண்ணா, இந்த ரோடு எங்க போகுது?" என்று நான் வாயெடுத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். டவர் எட்டாத இடங்களுக்குப் போவதற்கென்றே போனில் ஒரு மேப் வைத்திருக்கிறார். கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் அந்த வட்டாரத்தையே இறக்கி வைத்துக்கொள்வார். "சிக்னலே வேணாம் சார். நாம எங்க நிக்கிறோம்னு சாட்டிலைட் சொல்லிடும், மேப் போன்லயே இருக்கு" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்குவார். பாவம் அந்த மனுஷர், ரசம் ஆறிப்போகும்.

விடுமுறை வந்தால் பொழிச்சலூரிலிருந்து பைக்கில் கிளம்பி, வண்டலூருக்கு அப்பால் மண்பாதைகளில் சுற்றுவோம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முட்காடு எவ்வளவோ மேல். அவர் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டு வழி சொல்வது என் வேலை.

என் நாத்தனாருக்கு நாற்பதை நெருங்கும்போது ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் போன தை மாதம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருக்கும் ஒரே தம்பி இவர். பட்டுப்பாவாடை வாங்க மூன்று கடை ஏறி இறங்கினார், தோட்டை டப்பாவிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு பிள்ளையை ஊர் பார்க்க மடியில் வைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்தது இந்த ஒரு வாய்ப்புதான். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

அந்தக் கோயில் கண்டிகை ஊருக்கு அப்பால், குன்றுகளுக்குப் பின்னால் ஓர் ஏரி ஓரத்தில் இருக்கிறது. அங்கே எந்த சிம்மும் வேலை செய்யாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் விடியும்போதே வேனில் போய்விட்டார்கள். இவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, வேட்டி கட்ட நேரமாகிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் காது குத்தியாக வேண்டும்.

"வேன் மாதிரி சுத்திக்கிட்டு போக வேணாம்" என்றார் வண்டியை எடுக்கும்போதே. "போன வருஷம் நாம வந்த ஷார்ட்கட்டை அப்படியே பதிவு பண்ணி வெச்சிருக்கேன். நீ அந்த நீலக்கோட்டை மட்டும் பாரு."

பார்த்தேன். கோடு மெயின் ரோட்டை விட்டு இறங்கியது, முள்வேலி ஓரமாக வளைந்தது, பனைமரங்களுக்கு நடுவே புகுந்தது. சிக்னல் போய் வெகு நேரமாகியும் நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி கோட்டை விட்டு இம்மியும் விலகவில்லை. மனசுக்குள் அவரை மெச்சிக்கொண்டுதான் வந்தேன். கடைசி மேட்டில் ஏறினோம். நீலக்கோடு நேராகத் தண்ணீருக்குள் போயிற்று.

போன வருஷம் நாங்கள் வந்தது வைகாசியில். அப்போது ஏரி வெடித்துக் கிடந்தது, டிராக்டர் போன தடத்தில் நாங்களும் குறுக்கே ஓட்டிப் போனோம். இப்போது மழைக்காலம் முடிந்து கரை முட்டத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஏரி என்று பெயருள்ள இடத்தில் பாதி வீடுகள், மீதியில் கிரிக்கெட். ஏரிக்குத் தண்ணீர் வரும் என்பதையே மறந்துபோவது எங்களைப் போன்ற தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்குத்தான் வரும்.

அக்கரையில் வேன் தெரிந்தது, ஷாமியானா தெரிந்தது. இவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அங்கே பம்பை மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? போன் போகவில்லை. திரும்பி ரோட்டுக்குப் போய்ச் சுற்றினால் ராகுகாலம் வந்துவிடும்.

"ஏரின்னா தண்ணி இருக்கும்னு தோணவே இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் வண்டியை விட்டு இறங்கினார். "வேற யார் மடியிலயாவது வெச்சு குத்திடுவாங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. என் கோபமெல்லாம் போய்விட்டது.

போனில் அவருடைய நீலக்கோட்டை மறைத்தேன். அதுவரை நான் கோட்டைத்தான் பார்த்தேனே தவிர மேப்பைப் பார்க்கவே இல்லை. பெரிதாக்கினால், ஏரிக்கரை மேலேயே புள்ளி புள்ளியாக ஒரு பாதை தெரிந்தது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டி அது கோயில் பக்கம் போய் முடிந்தது. புள்ளிக்கோடு என்றால் நடைபாதை என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"ஏறுங்க வண்டியில" என்றேன்.

கரை மேல் குலுங்கிக் குலுங்கிக் கலங்கல் வரை போனோம். கருங்கல் சுவர் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பைக்கை அங்கேயே விட்டோம். சீர்ப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி அவர் முன்னால் இறங்கினார். எங்கள் புள்ளி மேப்பில் நத்தையாய் நகர்ந்தது. நடுவில் பாசி வழுக்கி அவர் பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தார். பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

அந்தப் பக்கம் ஏறும்போதே அவருடைய பெரியப்பா குரல் கேட்டது. "இன்னாம்மா, டைம் போய்கினே கீது. எம்புள்ளையும் மாமன் மொறதானே? அவன் மடியில வெச்சு முடிச்சுடலாம்."

"எந்தம்பி வராம ஊசி படக்கூடாது பெரியப்பா" என்றாள் நாத்தனார். "ராகுகாலம் வந்தா வரட்டும்."

சொட்டச் சொட்ட வந்து நின்றவரைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்காமல் மனைக்கட்டையைக் காட்டினாள். ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். முதல் காதுக்குக் குழந்தை வீறிட்டது. இரண்டாவது காதுக்கு மாமன் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அவரும் அழுதார், எல்லார் எதிரிலும், கூச்சமே இல்லாமல்.

அழுத களைப்பில் குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது. பந்தி முடிந்தது. வேனில் பாத்திரங்களை ஏற்றினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்து நான்தான் வாயில் ஊட்டினேன், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாத்தனார் வந்து கையை நீட்டினாள். "குடுடா. கால் மரத்துப் போயிருக்கும்."

"மரத்துப் போனா போவட்டும்க்கா. தூங்குது பாரு."

அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, வேன் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "டிரைவர் அண்ணா, வண்டிய இப்ப எடுக்காதீங்க. குழந்தை முழிச்சப்புறம் போலாம்."